சைக்கிளுக்குப் பின்னால் ஓடிவரும் நாய்

படுவான்கரைக்குச் சென்று வருபவர்களுக்கு இது புதிய காட்சியன்று. விடியற்புறத்தில், கிறவல் வீதியிலே, பழைய துவிச்சக்கரவண்டியில் பால் கலன்களைக் கட்டிக்கொண்டு மாட்டுப்பட்டிக்குச் செல்லும் ஒருவர். அவரது பின் சில்லுக்கு இரண்டு முழம் விட்டு, நாக்கைத் தொங்கவிட்டபடி ஓடிவரும் நாய். வட்டைக் காவலுக்குப் போகிறவரும் நாயோடுதான் போவார்.

அண்மைக் காலத்தில் இதன் புதிய வடிவமொன்றைக் குருக்கள்மடத்திலும் அயற் கிராமங்களிலும் காண்கிறேன். தடித்த டயரும் கியரும் பூட்டிய மலைச் சைக்கிள்களில் இளைஞர்கள் விடுமுறை நாட்களில் புறப்படுகிறார்கள். மலை என்று சொல்லிக்கொள்ள எங்கள் பக்கத்தில் தாந்தாமலையும் சில பாறைகளுமே உண்டு. ஆயினும் வாவிக்கரை மணலும் குளக்கட்டுகளும் வயல்வழிகளும் அந்தச் சைக்கிள்களுக்குப் போதுமானவை. அவர்களிற் சிலர் வீட்டு நாயையும் கூட்டிச் செல்கிறார்கள். நான் இதற்கு எதிரானவனல்லன். கைத்தொலைபேசியோடு திண்ணையில் முடங்கிக் கிடப்பதிலும் பார்க்க இது ஆயிரம் மடங்கு மேலானது. நாள் முழுதும் சங்கிலியில் கட்டுண்டு குரைத்துக்கொண்டிருக்கும் நாய்க்கும் இது விடுதலைதான்.

எனினும் பட்டிக்காரரின் நாய்க்கும் இந்த நாய்க்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். பட்டிக்காரரின் நாய் மாடுகளுக்கிடையே பிறந்து வளர்ந்தது. எசமானை முந்தி ஓடாது. ஒரு சீழ்க்கைக்குத் திரும்பிவிடும். பிறருடைய மாட்டைப் பார்த்தாலும் பாராதது போலப் போகும். எங்கள் இளைஞரின் நாயோ மதிற்சுவருக்குள் வளர்ந்தது. அதற்கு வழியில் காணும் யாவும் விநோதம்: கொக்கும், கோழியும், ஆட்டுக்குட்டியும், வெள்ளைச் சீருடையில் வகுப்புக்குப் போகும் பிள்ளையும்.

அந்தப் பிள்ளை அஞ்சி ஒதுங்கும்போது சைக்கிளில் வருபவர் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு: “பயப்படாதீங்க, அது ஒண்டும் செய்யாது.” நாயோடு பழகியவருக்கு அது ஒன்றும் செய்யாது என்பது தெரியும். எதிரே வருபவருக்கு எப்படித் தெரியும்? கடிக்காத நாயாகவே இருக்கட்டும். அது பாய்ந்து வரும் வேகத்தில் தலையில் விறகுக் கட்டோடு வரும் பெண்மணி வரம்பிலிருந்து சேற்றில் விழுந்தால், அதற்குப் பொறுப்பு யார்?

நாய் என்றால் அஞ்சுவதற்கு நம் நாட்டு மக்களுக்குக் காரணமும் உண்டு. 1973ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயினால் மாண்டனர். தடுப்பூசித் திட்டங்களின் பயனாக அந்தத் தொகை பின்னர் ஆண்டுக்குச் சில பத்துகளாகக் குறைந்தது; முற்றாக ஒழியவில்லை. நோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதிலும் அரிது. இத்தகைய மரணம் பத்திரிகையில் நான்கு வரிச் செய்தியாக வந்து போகும். ஆனால் அந்த வீட்டாருக்கு நாயின் குரைப்பு பிறகு வேறாகத்தான் கேட்கும். எனவே தடுப்பூசி போடாத நாயை வீதியில் இறக்குவது மரியாதைக் குறைவு மட்டுமன்று, குற்றம் என்பேன். தவறுதலாகக் கடித்தோ கீறியோ விட்டால் காயத்தை ஓடும் நீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். மஞ்சளும் சுண்ணாம்பும் இதற்கு மருந்தல்ல.

இன்னொன்றையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். எங்கள் வீதிகளில் தமிழர் மட்டும் போவதில்லை. வியாபாரத்துக்கும் வயல் வேலைக்கும் முஸ்லிம் சகோதரர்கள் நாள்தோறும் வந்து போகிறார்கள். நாயின் எச்சில் பட்டால் அந்த இடத்தை ஏழு முறை, அதில் ஒருமுறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும் என்பது அவர்கள் கைக்கொள்ளும் மார்க்க விதி. தொழுகைக்குப் புறப்பட்டவரின் சாரத்தில் ஈர மூக்கை உரசிவிட்டு நம் நாய் வாலாட்டுவது நமக்கு விளையாட்டு; அவருக்கோ பெரிய இடைஞ்சல். பத்து யார் தொலைவிலேயே சைக்கிளை நிறுத்தி, நாயைக் கழுத்துப்பட்டியிற் பிடித்துக்கொள்வதற்கு என்ன செலவு? அயலவர்கள் ஒருவரை ஒருவர் நம்பி வாழ்வது இத்தகைய சிறு செயல்களினால்தான்.

அடுத்தது மாடும் யானையும். அமெரிக்காவில் 1988இல் அமைந்த சர்வதேச மலைச் சைக்கிள் சங்கம் வகுத்த நடைமுறையில், சைக்கிளோட்டி நடப்பவருக்கும் குதிரையில் வருபவருக்கும் வழிவிட வேண்டும் என்று உண்டு. எங்களிடம் குதிரை இல்லை, மாட்டுப்பட்டி உண்டு. கன்றோடு நிற்கும் பசு நாயைக் கண்டால் முட்ட வரும். மிரண்ட பட்டி விளைந்த வயலுக்குள் இறங்கினால் ஒரு குடும்பத்தின் போகமே போய்விடும். மந்தை கடந்து போகும் வரை ஓரமாக நிற்பதே முறை. பட்டிப்பளைக்கும் வெல்லாவெளிக்கும் அப்பால், யானை நடமாடும் இடங்களுக்கோ நாயைக் கொண்டே போகலாகாது. யானையைக் கண்ட நாய் குரைத்துக்கொண்டு ஓடும். யானை திரும்பித் துரத்தினால் நேரே எசமானின் காலடிக்கே ஓடிவரும். பின்னால் யானையும் வரும்.

பிரதான வீதியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மட்டக்களப்பு – கல்முனை வீதியில் பேருந்துகள் பறக்கும் வேகத்தில் நாயோடு சைக்கிள் ஓட்டுவதை நான் எவ்வகையிலும் ஆதரிக்க மாட்டேன். ஜேர்மனியின் வீதிச் சட்டம் மோட்டார் வாகனத்திலிருந்து விலங்குகளை நடத்திச் செல்வதை முற்றாகத் தடுக்கிறது. சைக்கிளிலிருந்து நாயை மட்டும் கூட்டிச் செல்ல இடமளிக்கிறது. பிரித்தானிய நெடுஞ்சாலை விதிக்கோவை, சைக்கிளோட்டிகளும் செல்லும் பாதைகளில் நாயைக் குறுகிய வாரில் பிடித்திருக்கச் சொல்கிறது. அங்குள்ள எம்மவர் விடுமுறையில் ஊருக்கு வந்தவுடன் இவற்றை விமான நிலையத்திலேயே விட்டுவிடுவது ஏனோ! பிரதான வீதியைக் கடக்க நேர்ந்தால் இறங்கி உருட்டுங்கள். நாய் இடப்பக்கம், வாகனங்களுக்கு மறுபுறமாக வரட்டும். கயிற்றைக் கைபிடியில் கட்டவே வேண்டாம். ஓர் அணில் குறுக்கே போனால் போதும், சைக்கிளும் ஆளும் தார்வீதியில்.

நாய்க்காகப் பேசவும் ஒருவர் வேண்டும். அதற்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்க்காது. இளைத்தே வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். சித்திரை, வைகாசி வெயிலில் ஒன்பது மணிக்கு மேல் அதை ஓடவிடுவது கொடுமை. புறங்கையைத் தார்வீதியில் வைத்து ஐந்து எண்ணிப் பாருங்கள். உங்களால் இயலாவிட்டால் அதன் பாதத்துக்கும் இயலாது. குட்டி நாய்க்கும், பக் போன்ற சப்பை மூக்கு நாய்க்கும் இந்த ஓட்டம் வேண்டவே வேண்டாம். அது களைத்தாலும் நிற்காது, நீங்கள் போகிறீர்கள் என்பதற்காகவே ஓடும். ஆகவே நிறுத்த வேண்டியவர் நீங்கள். உங்கள் போத்தலில் உள்ள நீரில் பாதி அதனுடையது. வீடு திரும்பியதும் காதுமடலிலும் கால் விரலிடுக்கிலும் உண்ணி பாருங்கள்.

வாவியைக் கடக்கும் மிதவையையும் நாங்கள் பாதை என்றே அழைக்கிறோம். நடக்கும் பாதையில் உள்ள மரியாதை மிதக்கும் பாதையில் இன்னும் கூடுதலாக வேண்டும், ஏனென்றால் அங்கே ஒதுங்க இடமில்லை. அம்பிளாந்துறைக்கு நாயோடு போகிறவர் கூட்டமான நேரத்தைத் தவிர்த்து, கடைசியாக ஏறி, ஓரத்தில் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்கலாம். ஆசிரியர்களும் உத்தியோகத்தர்களும் பணிக்குச் செல்லும் காலை வேளையில் வேண்டாம்.

நாய்களைப் பதிவு செய்வதற்கான சட்டம் இந்நாட்டில் 1901ஆம் ஆண்டிலிருந்தே உண்டு. உள்ளூராட்சி சபைகளின் பொறுப்பு அது. கழுத்துப்பட்டியில் ஒரு தொலைபேசி எண்ணைப் பொறிப்பதற்கோ எந்தச் சபையும் தேவையில்லை. வாவிக்கு மறுகரையில் முயலைத் துரத்திக்கொண்டு பற்றைக்குள் மறைந்த நாய் தானாகத் தண்ணீரைக் கடந்து வீடு வந்து சேராது. அடையாளம் இல்லாவிட்டால் சில நாட்களில் அதுவும் கட்டாக்காலி நாய்களோடு ஒன்றாகி, யாரோ ஒருவருடைய கோழிக்கூட்டைச் சுற்றிக்கொண்டு நிற்கும்.