கால் நீண்ட வார்த்தை

ஆங்கில பாஷையில் ‘லெக்கி’ என்று ஒரு சிறு வார்த்தை உண்டு. ‘லெக்’ என்றால் கால். அதனுடன் ஒரு விகுதி சேர்ந்து ‘லெக்கி’ ஆயிற்று. பார்த்த மாத்திரத்தில் காலே பிரதானமாகத் தோன்றும் எதற்கும் இது பொருந்தும்.

சென்ற மாதம் எட்டாம் வகுப்புப் பாடத்தில் இவ்வார்த்தை எதிர்ப்பட்டது. அர்த்தம் என்னவென்று பிள்ளைகள் கேட்டார்கள். அகராதியைப் புரட்டும் சிரமத்துக்குச் சோம்பி, கடைசி வரிசையில் இருந்த ஒரு பையனைச் சுட்டிக்காட்டி, “இதோ, இவனைப் போல!” என்றோம். ஒரே வருஷத்தில் நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டவன் அவன். வகுப்பு முழுவதும் சிரித்தது, நாமும் சிரித்தோம். அவன் மட்டும் சிரிக்கவில்லை. மறுநாள் முதல் அவனுக்கு ‘லெக்கி’ என்றே பெயராகிவிட்டது. கேள்விக்குப் பதில் சொல்ல எழுந்தால், முழுவதும் நிமிராமல் முதுகைக் கூனிக்கொண்டு நிற்கலானான்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்களே, அதுபோல் அதன் பின்னரே அந்த வார்த்தையை ஒழுங்காகப் படித்தோம்.

‘லெக்’ என்பது ஆங்கிலேயரின் பூர்விகச் சொத்தே அன்று. கடல் கடந்து இங்கிலாந்தில் குடியேறிய நார்வே, டென்மார்க் தேசத்தாரின் பழம் பாஷையிலிருந்து வந்த இரவல். அதற்கு முன் இருந்த சொல் ‘ஷாங்க்’. 1272 முதல் 1307 வரை இங்கிலாந்தை ஆண்ட முதலாம் எட்வர்டு மன்னருக்கு ‘லாங்ஷாங்க்ஸ்’, அதாவது நெடுங்காலர், என்று பட்டப்பெயர். 1774-ல் வெஸ்ட்மினிஸ்டர் ஆலயத்தில் அவருடைய கல்லறையைத் திறந்து அளந்தபோது, உடல் 6 அடி 2 அங்குலம் இருந்தது. மன்னனுக்குக் கம்பீரமாக இருந்த கால், மாணவனுக்கு மட்டும் கேலிப்பொருள் ஆவானேன்?

குதிரைக்குட்டியையும் ‘லெக்கி’ என்பார்கள். உடம்புக்குச் சற்றும் பொருந்தாத கால்கள். இதோ விழுந்துவிடும் என்று தோன்றும். ஆயினும் பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் அது எழுந்து நிற்கிறது. ஆபத்து வந்தால் தாயுடன் ஓட வேண்டுமல்லவா? ஆகையால் இயற்கை காலை முதலிலும் உடம்பைப் பின்னரும் கொடுக்கிறது. மனிதக் குழந்தைகளும் பருவம் எய்தும் வயதில் அப்படியே. கையும் காலும் முந்திக்கொள்ள, உடல் பின்தொடருகிறது. அது குறையன்று, வரப்போகும் வளர்ச்சிக்கு அச்சாரம்.

நாற்றின் விஷயம் வேறு. தோட்டக்காரர் ஒரு செடியை ‘லெக்கி’ என்றால் அது குற்றச்சாட்டு. அகராதியில் அதைக் கண்டதும், நம் வீட்டு அடுப்பங்கரை மூலையில் இருந்த தக்காளித் தொட்டி நினைவுக்கு வந்தது. முளைகள் மளமளவென்று உயர்ந்ததைக் கண்டு வீட்டில் எல்லோரும் பூரித்திருந்தோம். அருகில் போய்ப் பார்த்தால், தண்டு நூலாக நீண்டு, இலை சிறுத்து வெளிறியிருந்தது. அது வளர்ச்சியன்று, வெளிச்சத்தைத் தேடும் தவிப்பு. புல் முளையின் நுனியே ஒளியை உணருகிறது, வளைவதோ அதற்குக் கீழே என்று சார்லஸ் டார்வினும் அவர் மகன் பிரான்சிஸும் 1880-ல் வெளியிட்ட நூலில் காட்டினார்கள். அந்தச் சிறு நுனிக்குத் தெரிந்தது நமக்குத் தெரியவில்லை.

அத்தகைய தக்காளி நாற்றைப் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. தண்டைச் சற்று ஆழப் புதைத்து நட்டு, சிறிது சிறிதாக வெயிலுக்குப் பழக்கினால், புதைந்த தண்டிலேயே புது வேர் விடும்.

தமிழில் குட்டியை ‘நெடுங்கால்’ என்போம். நாற்றைச் ‘சவலை’ என்போம். நலத்தையும் நலிவையும் நம் பாஷை பிரித்துவைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டும் ஒரே சொல்லில் அடங்கியிருப்பதால், எதைச் சொல்கிறோம் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். சினிமாப் பத்திரிகைகள் நடிகைகளை இவ்வார்த்தையால் புகழ்வதுண்டு. ஆளை விட்டுக் காலை மட்டும் பார்க்கும் புகழ்ச்சி அது. நம் பிள்ளைகள் அதைக் கைக்கொள்ள வேண்டாம்.

திங்கட்கிழமை வகுப்பில் குதிரைக்குட்டியின் கதையைச் சொல்லி, அந்தப் பையனிடம் எல்லோர் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டோம். உபாத்தியாயர் மன்னிப்புக் கேட்பதைப் பிள்ளைகள் பேரதிசயமாகப் பார்த்தார்கள். பட்டப்பெயர் இன்னும் முழுவதும் மறைந்துவிடவில்லை. வாய்விட்ட சொல்லைத் திரும்பப் பெறுவது அவ்வளவு எளிதன்று.

ஆனால் நேற்று ஒரு கேள்விக்கு அவன் எழுந்து, நிமிர்ந்து நின்று பதில் சொன்னான். பதில் என்னவோ தவறுதான். இருந்தாலும் அவனை உட்காரச் சொல்ல நமக்குச் சற்று நேரம் மனம் வரவில்லை.