சர்டிபிகேட் உண்டு, சம்பளம் கிடையாது

பி.காம். மூன்றாம் வருடம் வந்துவிட்டால் போதும், டிபார்ட்மெண்ட் நோட்டீஸ் போர்டிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் ஒரே மாதிரி விளம்பரங்கள் வந்து விழ ஆரம்பிக்கும். வாசகம் சுமாராக இப்படித்தான் இருக்கும்: இண்டர்ன்கள் தேவை, மூன்று மாதம், காலை பத்து முதல் மாலை ஆறு வரை, டேலி தெரிந்திருக்க வேண்டும், சொந்த லேப்டாப் அவசியம், ஸ்டைபண்ட் இல்லை, முடிவில் சர்டிபிகேட் வழங்கப்படும்.

டேலி தெரிந்திருக்க வேண்டுமாம்! கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்று கூப்பிடுகிறவர்கள், ஏற்கெனவே தெரிந்த ஆளைத்தான் தேடுகிறார்கள். கருவியையும் அந்த ஆளே கொண்டுவர வேண்டும். கொத்தனாருக்குக்கூட கரண்டி அவருடையது, ஆனால் சாயங்காலம் கூலி உண்டு.

இந்த மூன்று மாதத்தில் உள்ளே என்ன நடக்கிறது? முதல் வாரம் எந்த பில்லை எந்த ஹெட்டில் போடுவது, ஜி.எஸ்.டி. ரிட்டர்னுக்கு எந்த எண் எங்கிருந்து வருகிறது என்று சொல்லித் தருவார்கள். இரண்டாவது வாரம் பேங்க் ஸ்டேட்மெண்டை வைத்துக்கொண்டு கணக்கைச் சரிபார்க்கப் பழக்குவார்கள். இது உண்மையிலேயே படிப்புதான், வகுப்பறையில் கிடைக்காத படிப்பு. மறுப்பதற்கில்லை. ஆனால் மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரை? அதே வவுச்சர், அதே பில், அதே எண்ட்ரி. அந்தப் பத்து வாரத்துக்குப் பெயர் வேலை. வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்கிற ஜூலையிலும், வரித் தணிக்கை அறிக்கை முடிக்க வேண்டிய செப்டம்பரிலும் இண்டர்ன் விளம்பரங்கள் பெருகுவது தற்செயல் என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருவர் என்றால், ஒரே நாற்காலியில் வருடத்துக்கு நாலு இண்டர்ன் உட்கார்ந்து எழுந்து போகிறார்கள். நாற்காலி காலியாகவே இருப்பதில்லை. அந்த நாற்காலி ஒரு அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்டுக்கு உரியது. பெரிய சம்பளம் இல்லைதான், ஆனாலும் மாதம் பிறந்தால் சம்பளம், பி.எஃப்., தீபாவளிக்கு போனஸ் என்று ஒரு வேலை. அந்த வேலை இப்போது விளம்பரத்துக்கே வராது. வேடிக்கை என்னவென்றால், அந்த நாலு பேரும் டிகிரி வாங்கியதும் தேடி அலையப்போவது அதே அக்கவுண்ட்ஸ் அசிஸ்டெண்ட் வேலையைத்தான். தாங்களே ஓசியில் செய்து இல்லாமல் ஆக்கிய வேலையை!

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இது உறைக்க வேண்டும். கூலி என்பது டிரேடிங் அக்கவுண்டில் டெபிட் பக்கம் வரவேண்டிய ஒன்று. சம்பளம் லாப நட்டக் கணக்கில் வரும். ஓசி உழைப்பு இரண்டிலும் வராது. செலவு உண்மையில் நடந்திருக்கிறது, ஆனால் கம்பெனியின் புத்தகத்தில் இல்லை. இண்டர்னின் அப்பா எழுதும் மளிகைக் கடை நோட்டில் இருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அமெரிக்காவில் 1993-ல் ஒரு கணக்கியல் விதி கொண்டுவந்தார்கள். தொண்டு நிறுவனங்களுக்கு யாராவது இலவசமாக வேலை செய்து கொடுத்தால், அதைக் கணக்கில் மதிப்புப் போட்டுக் காட்ட வேண்டிய சந்தர்ப்பங்கள் எவை என்று அது சொல்கிறது. அதில் ஒன்று: வேலைக்குத் தனித்திறமை வேண்டும், செய்தவருக்கு அந்தத் திறமை இருக்க வேண்டும், அவர் இலவசமாகச் செய்யாவிட்டால் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்திருக்கும். லாபமே நோக்கம் இல்லாத அமைப்புக்கே இப்படி. லாபத்துக்கென்றே நடக்கும் கம்பெனிகள் இந்தக் கடைசி வரியைத் தங்களுக்குத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். இந்த ஆள் நாளைக்கு வராவிட்டால் இன்னொருவரைச் சம்பளத்துக்கு வைக்க வேண்டியிருக்குமா? ஆம் என்றால் அது இண்டர்ன்ஷிப்பும் இல்லை, சேவையும் இல்லை.

"அனுபவம் கிடைக்கிறதே, அதற்கு விலை உண்டா?" என்று கேட்பார்கள். அனுபவம் எல்லா வேலையிலும்தான் கிடைக்கிறது. புதிதாகச் சேர்ந்த பஸ் கண்டக்டருக்கும் முதல் மாதம் அனுபவம் கிடைக்கிறது. அதற்காக அவர் சம்பளத்தில் யாரும் பிடித்தம் செய்வதில்லை.

அந்த அனுபவம் யாருக்குக் கிடைக்கிறது என்பது அடுத்த கேள்வி. சென்னையில் சொந்த வீடு இருக்கிற பையனுக்கு மூன்று மாதம் சும்மா போய்விட்டு வருவதில் பெரிய நஷ்டம் இல்லை. திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து வருகிற பெண்ணுக்கு? ஹாஸ்டலுக்கு 5,000, சாப்பாட்டுக்கு 4,000, போக்குவரத்துக்கு 1,000 என்று கஞ்சத்தனமாகவே வைத்துக்கொள்வோம். மூன்று மாதத்துக்கு 30,000 ரூபாய். அதாவது 30,000 கொடுத்து வேலை செய்ய வேண்டும். அவள் போகமாட்டாள். விடுமுறையில் ஜவுளிக்கடையில் புடவை மடிக்கப் போவாள், அங்கே சம்பளம் உண்டு. பிறகு கேம்பஸ் இண்டர்வியூவில் "இண்டர்ன்ஷிப் எதுவும் பண்ணலையா?" என்று கேட்பார்கள். ஜவுளிக்கடை அனுபவத்தை பயோடேட்டாவில் எழுதினால் யாரும் மதிப்பதில்லை. தகுதிப் போட்டி என்று சொல்லப்படுவதில் பாதி இப்படி வாசலிலேயே முடிந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? அப்ரெண்டிஸ் என்று பெயர் வைத்தால் 1961-ஆம் வருட அப்ரெண்டிஸ் சட்டம் வந்து நிற்கும், ஸ்டைபண்ட் கொடுத்தே ஆகவேண்டும். 2019-ல் பட்டதாரி அப்ரெண்டிஸுக்குக் குறைந்தபட்சம் மாதம் 9,000 ரூபாய் என்று விதி திருத்தினார்கள். சி.ஏ. படிக்கிறவர் ஆர்ட்டிகிள்ஷிப் சேர்ந்தால் ஆடிட்டர்கள் இன்ஸ்டிட்யூட்டின் விதிப்படி ஸ்டைபண்ட் உண்டு (அது எவ்வளவு குறைச்சல் என்பது வேறு கதை). ஆனால் "இண்டர்ன்" என்று பெயர் வைத்துவிட்டால் எந்த விதியும் காசு கொடு என்று கட்டாயப்படுத்துவதில்லை. ஒரே ஆபீஸ், ஒரே மேஜை, ஒரே வவுச்சர் கட்டு. இந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் ஆர்ட்டிகிளுக்கு ஸ்டைபண்ட், அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் பி.காம். மாணவருக்கு டீ. போதாததற்கு இப்போது பல கல்லூரிகளில் பாடத்திட்டத்திலேயே இண்டர்ன்ஷிப்புக்கு கிரெடிட் வைத்துவிட்டார்கள். வேண்டாம் என்று சொல்லும் வழியும் அடைபட்டுவிட்டது.

2024-ல் மத்திய அரசு அறிவித்த பிரதமர் இண்டர்ன்ஷிப் திட்டத்தில் மாதம் 5,000 ரூபாய் என்று வைத்தார்கள். நாட்டின் முதல் 500 கம்பெனிகளுக்கான திட்டம் அது. அந்த 5,000-ல் 4,500 அரசாங்கம் தருவது, கம்பெனி தருவது 500. அந்த 500-ம் சமூகப் பொறுப்பு நிதியிலிருந்து! வேலை செய்கிற பையனுக்குக் கொடுக்கும் காசு, மரம் நடுவது, கண் சிகிச்சை முகாம் நடத்துவது மாதிரியான தர்மக் கணக்கில் போகிறது. பூஜ்யத்துக்கு 5,000 மேல்தான். ஆனாலும் அது எந்தத் தலைப்பில் எழுதப்படுகிறது என்பதைப் பார்த்தாலே மனப்போக்கு புரிந்துவிடும்.

வக்கீல் தொழிலில் இது இன்னும் பழைய வியாதி. சீனியரிடம் சேர்ந்து வருடக்கணக்கில் சும்மா கட்டுத் தூக்குவது ஏதோ குருகுல வாசம் போலப் பேசப்பட்டது. 2024 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜூனியர்களுக்குச் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 குறைந்தபட்சம் தர வேண்டும் என்று பார் கவுன்சிலிடம் சொன்னது. குருகுலத்துக்கும் வாடகை உண்டு என்பது ஒருவழியாகத் தெரிந்திருக்கிறது.

சரி, தனியார்தான் இப்படி என்றால் அரசாங்கம்? அங்கே இதற்கு "தன்னார்வலர்" என்று அழகான பெயர்.

கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்து பிள்ளைகளின் படிப்பு பின்தங்கியபோது, 2021 அக்டோபரில் தமிழ்நாட்டில் இல்லம் தேடிக் கல்வி ஆரம்பித்தார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் தெருத் தெருவாக வகுப்பு. லட்சத்துக்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள், பெரும்பாலும் பெண்கள். அவர்கள் செய்த வேலையைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. அது ஒரு அவசரகாலம், அவசரத்தில் ஊர் கூடித்தான் ஆகவேண்டும். ஆனால் அவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். நாளைக்கு ஒன்றரை மணி நேரம், மாதத்தில் இருபது நாள் என்று வைத்தால் மணிக்கு 33 ரூபாய் வருகிறது. ஆறு மாதத்துக்கு என்று ஆரம்பித்த திட்டம் அதற்குப் பிறகும் நீண்டது. அவசரம் எப்போது முடிந்தது, வாடிக்கை எப்போது ஆரம்பித்தது? பட்டம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கும் ஒரு பெண், பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினால் அவருக்குப் பெயர் ஆசிரியர் என்றுதான் இருக்க வேண்டும்.

நாடு முழுக்கப் பார்த்தால் ஆஷா பணியாளர்கள். 2005-ல் வந்த தேசிய ஊரகச் சுகாதாரத் திட்டத்தில் அவர்களை ஊழியர்கள் என்று எடுக்கவில்லை, தன்னார்வலர்கள் என்று எடுத்தார்கள். சம்பளம் இல்லை, இந்த வேலைக்கு இவ்வளவு என்று ஊக்கத்தொகை. பிரசவத்துக்குக் கர்ப்பிணியைக் கூட்டிக்கொண்டு போவதிலிருந்து கொரோனா நேரத்தில் வீடு வீடாகக் கணக்கெடுத்தது வரை அவர்கள்தான். 2022 மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் அவர்களுக்கு விருது கொடுத்துக் கௌரவித்தது. 2025 பிப்ரவரியில் கேரளத்து ஆஷாக்கள் திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்தின் முன்னால் உட்கார்ந்துவிட்டார்கள். அப்போது மாநில அரசு தந்த மதிப்பூதியம் மாதம் 7,000, நாளுக்கு 233 ரூபாய் (ஊக்கத்தொகை தனி). கேட்டது 21,000. வெயில், மழை எல்லாம் பார்த்து எட்டு மாதத்துக்கு மேல் உட்கார்ந்திருந்த பிறகு ஏறியது 1,000. கையில் உலக விருது, பையில் கூடுதலாக ஆயிரம் ரூபாய்!

சோழர் காலக் கல்வெட்டுகளில் "வெட்டி" என்று ஒரு சொல் அடிக்கடி வரும். கூலி வாங்காமல் செய்து கொடுக்க வேண்டிய கட்டாய உழைப்பு அது. இன்றைக்கு "பையன் வெட்டியா இருக்கான்" என்றால் வேலை இல்லாமல் இருக்கிறான் என்று அர்த்தம். சொல் இப்படித் திரும்பிப் படுத்துக்கொண்டது விசித்திரம்தான். வேலை இல்லாமல் வெட்டியாக இருக்கிறவனைப் பிடித்துத்தான் பழைய அர்த்தத்து வெட்டிக்கு அனுப்புகிறார்கள்.

"யாரும் கட்டாயப்படுத்தவில்லையே, அவர்களே விரும்பித்தானே வந்தார்கள்?" கடைசியாக வரும் கேள்வி இது. இதற்குப் பதில் நாற்பது வருடத்துக்கு முன்பே உச்ச நீதிமன்றத்தில் சொல்லியாகிவிட்டது. டெல்லி ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர்கள் வழக்கில், 1982-ல் நீதிபதி பகவதி எழுதிய தீர்ப்பு: குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே ஒருவர் வேலை செய்கிறார் என்றால், வறுமைதான் அவரைத் தள்ளியிருக்கிறது, அதுவும் அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்புதான். அடுத்த வருடமே ராஜஸ்தானிலிருந்து இன்னொரு வழக்கு. பஞ்ச நிவாரணமாகச் சாலை போட்டவர்களுக்குக் குறைந்தபட்சக் கூலியை விடக் குறைவாகக் கொடுத்தார்கள். இது நிவாரணம்தானே, சட்டத்தில் விலக்கு இருக்கிறதே என்றது மாநில அரசு. நீதிமன்றம் ஒத்துக்கொள்ளவில்லை. சாலை வந்திருக்கிறது, அரசு பயனடைந்திருக்கிறது, அப்புறம் எப்படி அது தர்மம் ஆகும்? இவை இண்டர்ன்களைப் பற்றிய தீர்ப்புகள் அல்ல, உண்மைதான். ஆனால் "விரும்பித்தானே வந்தாய்" என்கிற வாதத்தின் பல்லைப் பிடுங்க இவை போதும்.

இதையெல்லாம் சொன்னால் "அப்போ சேவையே வேண்டாமா?" என்று கோபிப்பவர்கள் உண்டு. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைத் தெருக்களுக்குள் படகோடு வந்து ஆட்களை மீட்ட மீனவர்கள் செய்தது சேவை. யாரும் அவர்களிடம் ரிஜிஸ்டரில் கையெழுத்து வாங்கவில்லை, லீவுக்கு லெட்டர் கேட்கவில்லை. ரத்தம் கொடுப்பது சேவை. என்.எஸ்.எஸ்.-ஸில் வருடத்துக்கு 120 மணி நேரம் என்று ஒரு எல்லை வைத்திருக்கிறார்கள். தினமும் பத்து மணிக்கு வரவேண்டும், மேலே ஒரு மேனேஜர் உண்டு, வராவிட்டால் வேலை நின்றுவிடும் என்றால் அது எந்த வகை சேவை?

சின்ன கம்பெனிகள் தங்களுக்குக் கட்டுப்படியாகாது என்பார்கள். அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கலாம். அப்படியானால் பழகுவதற்கு இரண்டு வாரம் வைத்துக்கொள்ளட்டும், அந்த இரண்டு வாரத்துக்கு பஸ் காசும் மதியச் சாப்பாடும் போதும். மூன்றாவது வாரத்திலிருந்து சம்பளம். மூன்று பேரை ஓசியில் வைப்பதற்குப் பதில் ஒருவரைக் காசு கொடுத்து வைக்கட்டும். கல்லூரிகளும் தங்கள் பங்குக்கு ஒன்று செய்யலாம், செலவே இல்லாத காரியம். ஸ்டைபண்ட் தொகை எழுதாத விளம்பரத்தை பிளேஸ்மெண்ட் செல் வாங்கி போர்டில் ஒட்டாமல் திருப்பி அனுப்பினால் போதும். தொகையை எழுதிக்கொண்டு வந்தால் ஒட்டிக்கொள்ளலாம்.