எந்த வழியாய் ஓடுவது?





நகரத்துச் சபைகளில் ஆராதிக்கிற நம்மில் அநேகர் நகரி, புத்தூர், நாராயணவனம், சத்தியவேடு பக்கத்துக் கிராமங்களிலிருந்து பிழைப்புக்காகப் புறப்பட்டு வந்தவர்கள். 1911-ல் உருவான சித்தூர் மாவட்டத்திலிருந்து 1960-ல் திருத்தணி பகுதி சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. மற்றப் பகுதிகள் ஆந்திராவிலேயே தங்கின. 2022 ஏப்ரலில் அந்தப் பழைய மாவட்டமும் பிரிக்கப்பட்டு, திருப்பதி தனி மாவட்டமாயிற்று. எல்லைகள் மாறினாலும், வீட்டில் தமிழும் வீதியில் தெலுங்கும் பேசுகிற அந்த ஊர்கள் மாறவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறபோது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? உண்கிறோம், உறங்குகிறோம், தொலைக்காட்சி பார்க்கிறோம், திரும்புகிறோம் என்பதே பலருடைய பதில். இந்த மாதம் உங்களுக்கு வேறொரு ஆலோசனை சொல்ல விரும்புகிறேன். விடியற்காலையில் எழுந்து, ஜெபித்து, ஊரைச் சுற்றி ஓடுங்கள்.

“பாஸ்டர், சரீர முயற்சிக்குக் கொஞ்சப் பயனே உண்டென்று பவுல் எழுதவில்லையா?” என்று உடனே கேட்பீர்கள். எழுதியிருக்கிறார் (1 தீமோத்தேயு 4:8). ஆனால் பயனே இல்லையென்று அவர் எழுதவில்லை. மூல பாஷையாகிய கிரேக்கில் அந்தச் சொற்றொடர் “சிறிதளவுக்கு” என்றும் “சிறிது காலத்துக்கு” என்றும் பொருள்படும். தேவபக்தி நித்தியத்துக்கும் உதவும். சரீர முயற்சி இந்தச் சிறிது கால வாழ்வுக்கு உதவும். இந்த வாழ்வில்தானே நாம் பிள்ளைகளை வளர்க்கிறோம், ஊழியம் செய்கிறோம்? அதே நிருபத்தில் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாற்றைக் குறித்தும் பவுல் அக்கறையோடு எழுதினார். துரோவாவிலிருந்து ஆசோ பட்டணத்துக்கு உடன் ஊழியர்கள் கப்பலில் போனபோது, அவர் மாத்திரம் தரைவழியாய் நடந்து போனார் (அப்போஸ்தலர் 20:13). அந்தத் தூரம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர்.

இதை வேடிக்கைக்காக எழுதவில்லை. ஐம்பது வயதைத் தாண்டாத குடும்பத் தலைவர்களின் அடக்க ஆராதனைகளை நடத்துவது எந்த ஊழியக்காரனுக்கும் பாரமான காரியம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு நடந்து 2023 ஜூனில் வெளியான ஆய்வின்படி, நம் தேசத்தில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் உண்டு, மேலும் 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தின நிலையில் இருக்கிறார்கள். கிராமத்தைவிட நகரத்தில் அது அதிகம். வயலில் நின்ற தகப்பனின் மகன் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறான், சாப்பாடோ மாறவில்லை. தசைகள் உழைக்கும்போது இரத்தத்திலுள்ள சர்க்கரையை அவை உறிஞ்சிக்கொள்கின்றன. சிருஷ்டிகர் சரீரத்தில் வைத்த ஏற்பாடு இது. சுகமளிக்கிற தேவனை விசுவாசிக்கிறவன் அவர் வைத்த ஏற்பாட்டை அலட்சியம் பண்ணலாமா?

இனி, எந்த வழியாய் ஓடுவது? வேதத்தில் வழி தெரிந்து ஓடின ஒருவன் உண்டு. அப்சலோம் விழுந்த நாளில் யோவாப் முதலில் கூஷியை அனுப்பினான். பின்னால் புறப்பட்ட சாதோக்கின் குமாரனாகிய அகிமாஸ் சமவெளி வழியாய் ஓடி அவனை முந்திப்போனான் (2 சாமுவேல் 18:23). அந்த வழி தூரம் அதிகமானாலும் மேடுபள்ளமற்றது என்று வேத அறிஞர் பலர் விளக்குகின்றனர். குறுக்குவழியைவிடக் காலுக்கு ஏற்ற வழியே நல்லது. புத்தூர், நாராயணவனம் பக்கத்துக் கிராமம் எதுவானாலும், அதைச் சுற்றி நான்கு விதமான நிலங்களைக் காண்பீர்கள்.

ஏரிக்கரை

புதிதாய் ஓடத் தொடங்குகிறவர்களுக்கு இதுவே அகிமாசின் வழி. கரை சமமாயிருக்கும், மண் தார்ச்சாலையைவிட மெத்தென்றிருக்கும், நீரின்மேல் வரும் காற்று முகத்தில் படும். ஒரு நிமிடம் மெதுவாய் ஓடி, இரண்டு நிமிடம் நடந்து, இப்படியே 20 நிமிடம் போதும். ஓடுகையில் சத்தமாய் ஸ்தோத்திரம் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடியாமல் மூச்சு வாங்கினால் உங்கள் வேகம் அதிகம், குறைத்துக்கொள்ளுங்கள். கரையை விட்டு வயல் வரப்பில் இறங்கி ஓடாதிருங்கள். அது நடப்பதற்கென்று போட்டது. கணுக்கால் பிசகுவதும் அங்கேதான், பனியில் விரியன் கிடப்பதும் அங்கேதான்.

மாந்தோப்பு

பெங்களூரா என்று சொல்லப்படுகிற கிளிமூக்கு மாம்பழத்துக்குப் பேர்போன பூமி இது. தோப்புகளினூடே போகும் வண்டிப்பாதையில் நிழல் உண்டு. சற்றே ஏற்ற இறக்கமும் உண்டு. ஒரு மாதம் பழகினவர்களுக்கு இது ஏற்றது. ஆனால் தோப்புக்குள் நுழையுமுன் உடையவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். காவல் நாய்கள் உங்கள் விசுவாசத்தை அறியா. நாய் கடித்துவிட்டால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றைக்கே அரசு மருத்துவமனையில் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். ஜூன், ஜூலை மாதங்களில் காய் ஏற்றிய டிராக்டர்களும் லாரிகளும் கூழ்த் தொழிற்சாலைகளை நோக்கி வரிசையாய்ப் போகும். அந்நாட்களில் பெரிய சாலையைத் தவிர்த்துவிடுங்கள். காதில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு எந்தச் சாலையிலும் ஓடவேண்டாம்.

ஆற்றுப்படுகை

ஆரணியாறு வருடத்தின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கிறது. மணலில் ஓடுவது எளிதென்று எண்ணவேண்டாம். கெண்டைக்காலும் குதிகாலும் இரட்டிப்பாய் உழைக்கும். வாரத்தில் ஒருநாள், பத்து நிமிடம் போதுமானது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஆற்றை நம்பாதிருங்கள். 2021 நவம்பரில் பெய்த பெருமழையில் திருப்பதி நகரத்து வீதிகள் வெள்ளக்காடாயின, சுவர்ணமுகி கரைபுரண்டது. இங்கே வானம் தெளிந்திருந்தாலும் மலையில் பெய்த மழை ஆற்றில் வரும்.

மலையடிவாரம்

கடலில் வருகிற கப்பலோட்டிகளுக்கும் அடையாளமாயிருந்தது நகரி மலையின் மூக்கு. அந்த மலைகளின் அடியில் கைலாசகோனை அருவி விழுகிறது. அந்தப் பக்கத்துப் பாதைகள் பழகின கால்களுக்குரியவை. ஏறும்போது நடவுங்கள், இறங்கும்போது சிறு அடிகளாய் வையுங்கள். முழங்காலைக் கெடுப்பது பெரும்பாலும் இறக்கமே. காப்புக்காட்டுக்குள் நுழையவேண்டாம், இருட்டில் தனியே போகவும் வேண்டாம். 2023 ஆகஸ்டில் திருமலை நடைபாதையில் ஆறு வயதுச் சிறுமி ஒருத்தியைச் சிறுத்தை கொன்றதை மறவாதிருங்கள். பலமனேர், குப்பம் பக்கத்தார் யானை நடமாட்டத்தை ஊராரிடம் விசாரித்த பின்னரே புறப்பட வேண்டும்.

இன்னும் சில ஆலோசனைகள். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்போ, 75 முதல் 150 நிமிடம் கடினமான உழைப்போ வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் அறிவுறுத்தியது. ஓட இயலாதவர்கள் வேகமாய் நடந்தாலும் அது கணக்கில் சேரும். இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குங்கள். சட்டைப்பையில் கொஞ்சம் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். உபவாச ஜெப நாளில் ஓடாதிருங்கள். அன்று முழங்காலில் நிற்பதே போதும். மார்பில் அழுத்தமோ தலைசுற்றலோ கண்டால் உடனே நின்று 108-ஐ அழையுங்கள். புத்தூர் கட்டு தமிழ்நாடெங்கும் பேர்பெற்றதுதான். என்றாலும் கால் வீங்கி ஊன்ற முடியாமற்போனால் முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். கோடையில் வெயில் ஏறுமுன் வீடு திரும்பிவிடுங்கள்.

சகோதரிகளுக்கும் இது பொருந்தும். இருவர் மூவராய்ச் சேர்ந்து போங்கள். ஏரிக்கரையில் வேகமாய் நடவுங்கள். சகோதரர்களே, ஊருக்குப் போனாலும் உங்கள் மனைவிக்கு அடுப்பங்கரையிலிருந்து விடுமுறை கிடைப்பதில்லை. அந்த ஒரு மணி நேரம் காப்பி போடுகிற வேலையை நீங்கள் ஏற்றுக்கொண்டால் அதுவும் ஓர் ஊழியமே.

அகிமாசைக் குறித்து இன்னும் ஒன்று. அவன் தூரத்தில் வரும்போதே ஓட்டத்தைக் கொண்டு அவன் இன்னானென்று காவற்காரன் அறிந்துகொண்டான் (2 சாமுவேல் 18:27). கிராமமும் அப்படியே. திண்ணையில் உட்கார்ந்திருக்கிற முதியவர் உங்கள் நடையைக் கண்டே, இவன் இன்னார் மகன் என்று சொல்லிவிடுவார். ஆனால் அகிமாஸ் முந்தி வந்து நின்றும், ராஜா கேட்ட கேள்விக்கு அவனிடத்தில் பதில் இல்லை. ஓட்டம் இருந்தது, செய்தி இல்லை.

பிரியமானவர்களே, நம்மைக் கண்டுகொண்டவர்களைக் கடந்து ஓடிவிடாதிருப்போம். அந்தத் திண்ணையண்டையில் நில்லுங்கள். “தாத்தா, எப்படி இருக்கிறீர்கள்? கண் தெரிகிறதா? மாத்திரை இருக்கிறதா?” என்று கேளுங்கள். பிள்ளைகள் யாவரும் பட்டணத்துக்குப் போய்விட்ட வீட்டு வாசலில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். அவர் விரும்பினால் ஒரு சிறு ஜெபம் பண்ணுங்கள். உங்கள் ஓட்டத்தின் கணக்கில் ஐந்து நிமிடம் குறையும். அதனால் நஷ்டமில்லை.

நம்முடைய சரீரம் பரிசுத்த ஆவியானவர் தங்கும் ஆலயம் (1 கொரிந்தியர் 6:19). ஆலயத்தைப் பழுதுபார்க்க ஒருவன் வரட்டும் என்று காத்திராமல், நாளைக் காலையில் நீங்களே எழும்புங்கள். கர்த்தர் உங்கள் கால்களைக் காத்து, உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.