வயதின் மேல் சுமத்தும் பழி

இருபது வயதைத் தாண்டியவனுக்குப் புதிய பாஷை எதுவும் ஏறாது, ஏறினாலும் ஆசிரியர் ஒருவர் எதிரே அமர்ந்து பாடம் சொன்னாலன்றி ஏறாது என்னும் அபிப்பிராயம், படித்தவர் பாமரர் என்ற பேதமின்றி நம்மிடையே வேரூன்றிக் கிடக்கிறது. இப்படிச் சொல்லுகிறவர்கள் பரீட்சித்துப் பார்த்துச் சொல்லுவதில்லை; பள்ளிக்கூடத்தில் ஏழெட்டு வருஷம் ஒரு பாஷையை வாசித்தும் நான்கு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேச வராமற்போன தங்கள் கதையையே பிரமாணமாகக் காட்டுகிறார்கள். கற்ற முறையைச் சந்தேகியாமல் தங்கள் மூளையையே குற்றவாளியாக்குவது பெரும் அநியாயம். உத்தியோக மாற்றலில் கல்கத்தாவுக்கும் பம்பாய்க்கும் போய், பல வருஷம் குடியிருந்தும், கடையில் விலை கேட்பதற்கு மேல் அவ்வூர்ப் பாஷையில் ஒன்றும் அறியாமலே திரும்பிவரும் நம்மவரைத் தடுத்தது வயதன்று, "இனிமேல் நமக்கு எங்கே வரப்போகிறது?" என்று போன அன்றே செய்துகொண்ட தீர்மானம்.

அப்படித் தீர்மானம் செய்துகொள்ளாத ஒருவரைப் பார்ப்போம். 1909-இல் ஹங்கேரியில் பிறந்த கத்தோ லோம்ப் அம்மையார், பள்ளி நாட்களில் அந்நிய பாஷை வராத மாணவி என்று பெயர் வாங்கியவர். மேற்படிப்பிலும் அவர் கற்றது பௌதிகமும் ரசாயனமுமே. படிப்புக்கேற்ற வேலை கிட்டாத 1930-களில், ஆங்கிலம் கற்பித்தாவது பிழைப்போம் என்று துணிந்து, கால்ஸ்வொர்த்தியின் நாவல் ஒன்றைத் துணையாகக் கொண்டு தாமாகவே அந்தப் பாஷையைக் கற்றார். பின்னர் 1941-இல், பழைய புத்தகக் கடையில் அகப்பட்ட ருஷ்ய-ஆங்கில அகராதியோடு ருஷ்ய பாஷையில் இறங்கினார். ஹங்கேரி ருஷ்யாவோடு யுத்தத்தில் இருந்த அக்காலத்தில் ருஷ்யப் புத்தகமும் கையுமாகக் காணப்படுவதே ஆபத்தாகையால், கோகோலின் 'இறந்த ஆத்மாக்கள்' நாவலின் ஏடுகளைத் தடித்த ஹங்கேரியக் கலைக்களஞ்சியம் ஒன்றின் நடுவே மறைத்து வைத்து, குண்டு வீச்சுக்கு அஞ்சி ஊரார் பதுங்கிய நிலவறையில் அமர்ந்து வாசித்தார். 1945-இல் சோவியத் படை புடாபெஸ்ட் நகரைக் கைக்கொண்டபோது, நகரசபையில் ருஷ்ய மொழிபெயர்ப்பாளராக அமர்ந்தார்.

அவர் வாசித்த விதம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. தெரியாத சொல் எதிர்ப்படுந்தோறும் அகராதியைப் புரட்டாமல், கதையின் போக்கிலேயே பொருளை ஊகித்துக்கொண்டு மேலே செல்வார். அவ்வாறு விளங்கிய சொற்களை, அவை நின்ற தொடரோடு, ஏட்டின் ஓரத்தில் குறித்துக்கொள்வார். நம் வகுப்புகளிலோ, வியாகரண அட்டவணையை நெட்டுருப் போட்டு முடிப்பதற்குள், ஒரு கதையையேனும் முழுதாகச் சுவைத்தறியாமல் மாணவனுக்கு வருஷம் கழிந்துவிடுகிறது. அம்மையார் வகுப்பை வெறுத்தவரல்லர். சீன பாஷைக்காக வகுப்புக்கும் போனவர். ஆனால் வகுப்பு வாய்க்கட்டும் என்று காத்திருந்தவரல்லர்.

அவர் பிறவி மேதை, அவரை நமக்கு உதாரணம் காட்டலாகாது என்பார்கள். பாஷைக்கென்று தனியே ஒரு பிறவி வரம் உண்டென்பதை அவரே ஒப்பவில்லை; செலவிட்ட காலத்தையும் ஆர்வத்தையும் கூட்டிச் சங்கோசத்தால் வகுத்தால் கிடைப்பதே பயன் என்று கணக்காகவே எழுதி வைத்திருக்கிறார். நம்மவரிடம் காலமும் ஆர்வமும் இருக்கின்றன. வகுக்கும் எண்தான் மலைபோல் நிற்கிறது.

இளம் நாவில் உச்சரிப்பு எளிதாய்ப் படியும் என்பது மெய்யே; ஆனால் உச்சரிப்பே பாஷை ஆகிவிடாது. போலந்துக்கார மாலுமியான ஜோசப் கான்ராட், 1878-இல், தம் இருபதாம் வயதில் இங்கிலாந்தில் கரையிறங்கியபோது, ஆங்கிலத்தில் ஏதோ சில சொற்களே அறிந்திருந்தார். மாலுமிகளோடு பழகியும் செய்தித்தாள் வாசித்தும் கற்றார். அவர் பேச்சில் போலந்தின் வாடை இறுதிவரை பலமாகவே வீசிற்று. ஆயினும் 1895 முதல் அவர் எழுதி வெளியிட்ட நாவல்களை ஆங்கிலேயர் தங்கள் இலக்கியத்தின் முன்வரிசையில் வைத்துப் போற்றுகிறார்கள். உச்சரிப்பு அமையாது என்பதற்காகப் பாஷையையே கைவிடச் சொல்லும் நம் புத்திமான்கள், அந்த மாலுமிக்கும் அன்று இதே உபதேசத்தைத்தான் செய்திருப்பார்கள்.