சஸ்பென்ஸ் அக்கவுண்ட்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சர்ச்சில் சண்டே கிளாஸ் எடுக்கும் அக்காவுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. 'நீங்க பி.காம். ஆச்சே, சும்மா ஒரு கதை சொல்லுங்க, போதும்' என்று என்னைப் பிடித்துப் போட்டுவிட்டார்கள். பி.காமுக்கும் பைபிளுக்கும் என்ன சம்பந்தம்? (இருக்கிறது. பிறகு சொல்கிறேன்.)

அன்றைய பாடம், சந்தேகத் தோமா. உயிர்த்தெழுந்த இயேசுவை மற்ற சீடர்கள் பார்த்துவிட்டார்கள். அந்த நேரம் பார்த்து தோமா வெளியே போயிருந்தார். திரும்பி வந்தவரிடம் சொன்னால், 'ஆணி அடித்த காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் ஒப்புக்கொள்வேன்' என்கிறார். கதையைச் சொல்லி முடித்து, "ஆகவே பிள்ளைகளே, தோமா மாதிரி சந்தேகப்படக்கூடாது" என்று நீதியும் சொல்லிவிட்டு வாட்ச்சைப் பார்த்தேன்.

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு கை எழுந்தது. எட்டு வயசு இருக்கும். முன்பல் இல்லை.

"அங்கிள், மத்தவங்க பார்த்துட்டு நம்பினாங்க. தோமாவும் பார்த்துட்டுத்தான் நம்புறேன்னு சொன்னாரு. அவரை மட்டும் ஏன் திட்டுறீங்க?"

நல்லவேளை, மணி அடித்தது.

வீட்டுக்கு வந்து யோவான் 20-ஆம் அதிகாரத்தைப் புரட்டினேன். பையன் சொன்னது சரி. மற்றவர்களுக்கு இயேசு தானாகவே கையையும் விலாவையும் காட்டியிருக்கிறார். தோமா அதிகமாக ஒன்றும் கேட்டுவிடவில்லை. 'அவங்களுக்குக் காட்டின வவுச்சரை எனக்கும் காட்டுங்க சார்' என்கிறார். அவ்வளவுதான்.

அதைவிட எனக்கு ஆச்சரியம், நடுவிலே எட்டு நாள் போகிறது. அந்த எட்டு நாளும் 'நம்பாதவனுக்கு இங்கே என்ன வேலை' என்று யாரும் அவரை வெளியே தள்ளவில்லை. அவரும் கோபித்துக்கொண்டு ஊருக்கு பஸ் ஏறவில்லை. ஒரே கூரையின் கீழ் நம்பினவர்களும் நம்பாதவரும். இயேசு வந்ததும் நேரே தோமாவிடம் கையைத்தான் நீட்டினார். பார்க்காமலே நம்புகிறவர்களுக்கு ஒரு நல்ல வார்த்தை சொன்னார், வாஸ்தவம். ஆனால் கையை நீட்டிய பிறகுதான் அதைச் சொன்னார்.

கரவாஜ்ஜியோ என்ற இத்தாலிய ஓவியர் 1600-களின் தொடக்கத்தில் வரைந்த படத்தில் தோமாவின் விரல் காயத்துக்குள்ளேயே போயிருக்கும். பைபிளில் அவர் தொட்டதாக எழுதவில்லை. பார்த்தார், கும்பிட்டார், முடிந்தது. வதந்தி எப்படிப் பரவுகிறது பாருங்கள்!

இந்தத் தோமாதான் நம்ம ஊர் பரங்கிமலைக்கும் சின்னமலைக்கும் வந்து, இங்கேயே உயிர்விட்டார் என்பது பாரம்பரியம். வரலாற்று ஆராய்ச்சியாளர்கள் அதற்கு ஆதாரம் கேட்டு இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆதாரம் கேட்டவருக்கு ஆண்டவன் கொடுத்த தண்டனை இதுவாகத்தான் இருக்கும்!

சரி, இதையெல்லாம் ஓர் எட்டு வயசுப் பையனுக்காகவா தேடினேன்? இல்லை. எனக்காகத்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஜெபம் பண்ண நிறையப் பேர் வந்தார்கள். 'விசுவாசம் இருந்தா எழும்பி நடப்பார்' என்றார்கள். இருபதாவது நாள் அப்பா போய்விட்டார். துக்கத்துக்கு வந்த ஒருவர் என் தோளைத் தட்டி, 'எங்கேயோ விசுவாசம் போதாமப் போச்சு தம்பி' என்றார். ஹார்லிக்ஸ் வாங்கி வந்தவரை என்ன சொல்வது? தலையாட்டினேன்.

அன்றிலிருந்து தவறாமல் சர்ச்சுக்குப் போகிறேன், பாடுகிறேன், காணிக்கை போடுகிறேன். உள்ளே மட்டும் கடை மூடிவிட்டது.

இங்கேதான் பி.காம். வருகிறது. ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால், நல்ல கணக்குப்பிள்ளை வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று தனியாக எழுதி வைப்பான். இன்னும் கண்டுபிடிக்கவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம். கெட்ட கணக்குப்பிள்ளை எங்காவது ஓர் எண்ணைத் திருத்தி டேலி பண்ணிவிட்டு டீ குடிக்கப் போவான். நாலு வருஷமாக நான் டீ குடித்துக்கொண்டிருந்தேன்.

மாற்கு 9-ஆம் அதிகாரத்தில் ஓர் அப்பா வருகிறார். மகனுக்கு வலிப்பு மாதிரி கொடுமை. 'நம்புகிறேன்' என்கிறார், அதே மூச்சில், 'என் நம்பிக்கையில் பாதி ஓட்டை, அதையும் நீங்களே சரி பண்ணுங்கள்' என்கிற அர்த்தத்தில் அழுகிறார். போய் முழு விசுவாசத்தோடு வா என்று அவரைத் திருப்பி அனுப்பவில்லை. பையன் பிழைத்தான். தோளைத் தட்டியவர் இந்தப் பக்கத்தைப் படிக்காமல் விட்டிருக்க வேண்டும். நானும்தான் படிக்கவில்லை. பெரோயா என்று ஓர் ஊர். இன்றைய கிரேக்க நாட்டில் வேரியா. அங்கே பவுலே போய்ப் பிரசங்கம் பண்ணியும், 'இவர் சொல்வது சரிதானா' என்று தினமும் வேதத்தை எடுத்துச் சரிபார்த்தார்களாம். பவுலுக்கே ஆடிட்! அதற்காக அவர்களை அப்போஸ்தலர் நடபடிகள் பாராட்டவும் செய்கிறது.

அன்று ராத்திரி அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "அம்மா, அப்பா போனதிலேர்ந்து எனக்கு ஜெபம் வரல. சும்மா வாயசைக்கிறேன்."

அம்மா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்டா. ரெண்டு சரணம் பாடுவே, மூணாவதுல வாயை மூடிப்பே."

"உனக்குக் கேள்வியே இல்லையா?"

"ஏன் இல்ல? தினமும் மாவாட்டும்போது கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஏன் எடுத்தீர்னு."

"பதில் வந்துதா?"

"வரல. அதுக்காக அவரோட பேசாம இருக்க முடியுமா? உங்கப்பாகூடத்தான் பாதிக் கேள்விக்குப் பதில் சொன்னதில்ல."

என் வித்தியாசம் இன்னும் டேலி ஆகவில்லை. ஆனால் திருத்தி எழுதிய எண்ணை அழித்துவிட்டேன். அதற்குப் பதிலாக, தூங்கப் போகும்முன் ஒரே ஒரு வரி ஜெபம். அதுவும் கேள்விக்குறியோடு முடிகிறது.

அடுத்த ஞாயிறு அக்காவுக்குத் தொண்டை சரியாகிவிட்டது. நானே கேட்டு வாங்கிக்கொண்டு போய், "தோமா விஷயத்துல நீ சொன்னதுதான் கரெக்ட், அங்கிள் தப்பு" என்று பையனிடம் ஒப்புக்கொண்டேன். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த கேள்வி தயாராக இருந்தது.

"நோவா ஏன் அங்கிள் கொசுவையும் பேழையில ஏத்தினாரு?"

"தெரியலையேடா. தேடுவோம்" என்றேன்.

இந்த இரண்டு வார்த்தை சொல்ல எனக்கு முப்பத்தாறு வயசு ஆகியிருக்கிறது.