பெயின்ட் பளபள, அடியில் கடகட

பழைய கார் வைத்திருப்பவரிடம் போய் "இந்தக் கலர் ஒரிஜினலா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். அரை மணி நேரம் பேசுவார். எந்த வருடம் என்ன கலர் வந்தது, குரோம் எங்கே முலாம் போட்டது, சீட்டுக்கு ரெக்ஸின் எங்கே தேடிப் பிடித்தது என்று கதை கதையாக வரும். அப்படியே "முன்சக்கரத்துக் கீழ் ஜாயின்ட்டைக் கடைசியா எப்ப மாத்தினீங்க?" என்றும் கேளுங்கள். "ஏம்ப்பா, வெயில் ரொம்ப ஜாஸ்தியா இருக்கில்ல?" என்பார்.

இந்த வியாதி எல்லாப் பழைய காருக்கும் பொது. ஆனாலும் ஸ்டாண்டர்டு ஹெரால்டை வைத்துச் சொன்னால்தான் உறைக்கும். ஏனென்றால் அது நம்ம ஊர்க் கார். இங்கிலாந்தில் 1959-ல் ட்ரையம்ஃப் ஹெரால்டு என்று வந்ததை, மெட்ராஸின் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் 1961 முதல் இங்கே வண்டலூர் பக்கம் செய்து விற்றது. அம்பாசடரும் ஃபியட்டும் ஆண்ட காலத்தில் மெட்ராஸ்காரனுக்கென்று இருந்த கார் இதுதான். 1968-ல் வந்த நாலு கதவு மார்க் த்ரீ இங்கிலாந்துக்காரனுக்கே கிடைக்காதது. அதைப் பற்றிப் பெருமை பேசாத ஹெரால்டு சொந்தக்காரர் கிடையாது. பேசட்டும், தப்பில்லை.

இப்போது அந்தக் காரின் முன்சக்கரத்துக்கு அடியில் போகலாம். சக்கரத்தைப் பிடித்திருப்பது வெர்டிக்கல் லிங்க் என்ற செங்குத்தான இரும்புத் துண்டு. மேலே ஒரு பால் ஜாயின்ட். கீழ்முனையில் மரை வெட்டியிருக்கும். அந்த மரை, ட்ரன்னியன் என்ற வெண்கலக் கட்டிக்குள் (பட்டறையில் பித்தளை என்றே சொல்லிவிடுவார்கள்) திருகி உட்கார்ந்திருக்கும். ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் இரும்பு மரை வெண்கல மரைக்குள் கொஞ்சம் திரும்பும், அவ்வளவுதான் அதன் வேலை. ஸ்பிரிங் உட்கார்ந்திருப்பது கீழ்க் கையின் மேல் என்பதால், அந்த மூலையில் விழும் எடை முழுக்க இந்த மரையைப் பிடித்துத்தான் தொங்குகிறது. ஏறத்தாழ 800 கிலோ கார், உள்ளே குடும்பம், டிக்கியில் சாப்பாட்டு கேரியர். எல்லாவற்றுக்கும் முன்பக்கம் இந்த ரெண்டு மரைதான் கதி.

ஒரு பேச்சுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு ஹெரால்டு காட்டுப்பள்ளிக்குப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்று வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை வெளிவட்டச் சாலை, 62 கிலோமீட்டர். பிறந்த வீட்டு வாசலில் ஏறி, வழுக்கிக்கொண்டு வடக்கே வந்துவிடலாம். அந்தச் சாலையில் ஒன்றும் ஆகாது. மீஞ்சூரில் இறங்கிக் கிழக்கே திரும்பிய பிறகுதான் கச்சேரி. கன்டெய்னர் ட்ரெய்லர்கள் உழுதுபோட்ட ரோடு. ஒரு பக்கம் கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகம், இன்னொரு பக்கம் கடல், நடுவில் உப்புக் காற்று. மழை பெய்தால் பள்ளம் எது ரோடு எது என்று தெரியாது. துறைமுகம் வரை போய், போட்டோ எடுத்து, திரும்ப வேண்டும். ரெண்டு பக்கமும் ட்ரெய்லர் நிற்கிறது. இடம் கொஞ்சம்தான். ஹெரால்டுக்கு அது போதும், 25 அடி வட்டத்தில் திரும்பும் கார் அது, லண்டன் டாக்ஸி மாதிரி. அதுவும் பெருமையான விஷயம்தான். ஸ்டியரிங்கை ஒரே ஒடி, கடைசி வரை. மட்க்கென்று ஒரு சத்தம். முன்சக்கரம் வெளிப்பக்கம் மடங்கி, மட்கார்டு தரையில் உட்கார்ந்துவிடும்.

வேகமாகப் போகும்போது உடையாதா என்றால், உடையும். ஆனால் பெரும்பாலும் மெதுவாகப் போய் முழுசாக ஒடிக்கும்போதுதான் மரையின் கழுத்தில் பாரம் அதிகம். அப்படி நடந்தால் அது அதிர்ஷ்டம். அதே ஜாயின்ட் எண்ணூர் ரோட்டில் அறுபதில் போகும்போது கழன்றால், சைக்கிளில் ஷிஃப்டுக்குப் போகிறவரும் மீன்கூடையோடு ஓரமாக நடக்கிற அம்மாவும் எந்தக் கார் பேரணிக்கும் பேர் கொடுத்தவர்கள் இல்லை. மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸைச் சட்டம் கட்டாயமாக்கி வைத்திருப்பது அவர்களுக்காகத்தான். அந்த பாலிசி பணம் கொடுக்கும், கால் கொடுக்காது.

ஏன் உடைகிறது? இங்கேதான் நம்ம ஆட்களின் கைவண்ணம். இந்த ஜாயின்ட்டுக்கு கம்பெனி கையேடு சொன்னது கிரீஸ் இல்லை, ஆயில். கியர் பாக்ஸுக்கு ஊற்றுவோமே, கடையில் நைன்டி ஆயில் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்களே, அந்த ஜாதி. ஒவ்வொரு 6,000 மைலுக்கும், அதாவது சுமார் 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை, ப்ளக்கைக் கழற்றி, நிப்பிள் மாட்டி, கன்னில் ஆயிலை நிரப்பி, மேலே கசிந்து வரும் வரை அடிக்க வேண்டும். ஆனால் அம்பாசடருக்கும் ஃபியட்டுக்கும் கிரீஸ் அடித்துப் பழகிய கை, நிப்பிளைப் பார்த்தாலே கிரீஸ் கன்னைத் தேடும். மரையோ ஒரு முழுச் சுற்றுகூடச் சுற்றுவதில்லை. உள்ளே போன கிரீஸ் நின்ற இடத்திலேயே நின்று கெட்டியாகும். மேல் சீல் வழியாகத் தண்ணீர் இறங்கும். இரும்பு துருப்பிடிக்கும், துருப்பிடித்த இடத்தில் கீறல் விழும், கீறல் ஒருநாள் முறியும். உப்புக் காற்றடிக்கும் வடசென்னையில் இது சீக்கிரம் நடக்கும் என்று சொல்லவே வேண்டாம், இங்கே வீட்டு கேட்டே ரெண்டு வருஷத்தில் பொரிந்து போகிறது. கிரீஸா ஆயிலா என்று வெளிநாட்டு ஹெரால்டு பிரியர்களும் இன்னமும் சண்டை போடுகிறார்கள். நல்ல மாடர்ன் கிரீஸ் போதும் என்பவர்களும் உண்டு. போதுமோ போதாதோ, ரெண்டையும் அடிக்காமல் பத்து வருஷம் ஷெட்டில் நிறுத்தி, மேலே துணி போர்த்தி வைப்பதற்கு எந்தக் கட்சியிலும் ஆதரவு இல்லை :)

"டிசைனே கோளாறு சார்" என்று ஒரு வாதம் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் லோட்டஸ்காரன் 1962-ல் எலான் ஸ்போர்ட்ஸ் காருக்கு முன்பக்கம் எடுத்துக்கொண்டது ட்ரையம்ஃபின் இதே வெர்டிக்கல் லிங்க், ட்ரன்னியன் ஜோடியைத்தான். வளைவில் பறப்பதற்கே செய்த கார் அது. ஆயில் ஊற்றினால் உழைக்கும், ஊற்றாவிட்டால் உடையும் என்பதற்குப் பெயர் டிசைன் கோளாறு என்றால், மனுஷனுக்குப் பசிப்பதும் டிசைன் கோளாறுதான்.

மெக்கானிக்கைத் திட்டுவதும் வேலைக்காகாது. பட்டறையில் நடக்கும் உரையாடல் எல்லோருக்கும் தெரிந்ததே.

"சார், லெஃப்ட்டுல கீழ ஆட்டம் இருக்கு. மாத்திடலாம்."

"ஓடுதுல்ல மேஸ்திரி? முதல்ல பெயின்ட்ட முடிங்க. அடுத்த மாசம் ஷோ இருக்கு."

"பெயின்ட் அப்புறம் பண்ணிக்கலாம் சார்..."

"இப்போதைக்கு கிரீஸ் அடிச்சு விடுங்க. பாத்துக்கலாம்."

மேஸ்திரி என்ன செய்வார்? சார் சொல்லிவிட்டார், அடித்துவிட்டார். இத்தனைக்கும் ஹெரால்டில் முன்பக்க பானெட் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்னால் கவிழும். சக்கரம், ஸ்பிரிங், ஜாயின்ட் எல்லாம் பகல் வெளிச்சத்தில் பல்லைக் காட்டும். இஞ்சினைப் பார்க்க பானெட்டைத் தூக்குகிறார்களே, அப்படியே கண்ணைக் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும்.

சரி, மாற்றுவது என்று முடிவாகிவிட்டது. அடுத்த ஆபத்து, ஒப்பேற்றுவது. தேய்ந்த லிங்க் மரை மேல் வெல்டிங் வைத்து, லேத்தில் கடைந்து, "புதுசு மாதிரி" ஆக்கித் தரும் கைகள் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் தேடினால் கிடைக்கும். 1955 முதல் என்ஃபீல்டு புல்லட் செய்த ஊர் இது, எண்ணூரில் லேலண்டு இருக்கிறது, இரும்பு தெரிந்த ஊர். கைத்திறனில் குறை சொல்ல முடியாது. அதற்காக எல்லாவற்றையும் லேத்தில் செய்துவிட முடியாது. வெண்கல ட்ரன்னியனைச் சரியான உலோகத்தில், சரியான அளவில் ஒரு நல்ல டர்னர் புதிதாகக் கடைந்து கொடுத்தால் ஓரளவு ஒப்புக்கொள்ளலாம். லிங்க் அப்படியல்ல. அடித்து உருவாக்கிய ஸ்டீல் அது. வெல்டிங் சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் உலோகத்தின் குணமே மாறிவிடும். ஏற்கெனவே முறியக் காத்திருக்கும் இடத்தில், முறிய இன்னொரு காரணத்தையும் காசு கொடுத்து வாங்குகிற வேலை அது. புது ட்ரன்னியனை இங்கிலாந்தில் இன்னும் செய்து விற்கிறார்கள். லிங்க்கும் தேடினால் கிடைக்கும். வாங்கும் முன் பழையதோடு அளவும் மரையும் ஒத்துப் பார்க்க வேண்டும். ஒரு பக்கத்து மரை இடது சுற்று என்பதையும் மறக்கக் கூடாது. மாற்றி வாங்கிவிட்டு "போலி ஸ்பேர்" என்று கடைக்காரரைத் திட்டுவது தனிக் காமெடி.

"செலவு சார்." இதற்குத்தான் காமர்ஸ் வகுப்பில் முதல் வருஷமே தேய்மானம் சொல்லித் தருகிறார்கள். தமிழ்க் கணக்குப் புத்தகத்துக்கு ஒரு பாக்கியம் உண்டு. ஏட்டில் மதிப்பு குறைவதற்கும் தேய்மானம், இரும்பு தேய்வதற்கும் தேய்மானம். ஏட்டில் அந்தக் கார் எப்போதோ பூஜ்யமாகியிருக்கும், எழுதித் தள்ளி முடித்தாயிற்று. இரும்பு மட்டும் எழுதாமலே தேய்ந்துகொண்டிருக்கிறது. பெயின்டுக்கு ஆகும் செலவை "மதிப்பு கூடுது" என்று மூலதனச் செலவில் போடுகிறார்கள். ஜாயின்ட்டை "ரிப்பேர்" என்று வருவாய்ச் செலவில் போட்டு வருஷா வருஷம் தள்ளுகிறார்கள். அந்தப் பெயின்டடித்த மட்கார்டைத் தரையில் தேயாமல் தாங்கி நிற்பது எது என்ற கேள்வி எந்தப் பேரேட்டிலும் வருவதில்லை.

சட்டமும் இங்கே கைகொடுக்கவில்லை. 2021 ஜூலையில் மத்திய அரசு பழம்பெரும் வாகன விதி கொண்டுவந்தது. ஐம்பது வருஷம் தாண்டிய கார், வி.ஏ. வரிசை நம்பர் பிளேட், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். சேசிஸ், பாடி, இஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்கிறது. அசலா என்று கேட்பது சரிதான். ஆனால் பதிவு நம்பரைத் தனியாகப் பிரித்துக் கௌரவிக்கிற அளவுக்கு யோசித்தவர்கள், அரை நூற்றாண்டு கண்ட கீழ் ஜாயின்ட்டைக் கழற்றிப் பார்த்தீர்களா என்றும் ஒரு வரி தனியாகச் சேர்த்திருக்கலாம். ஒரு தாளில் மெக்கானிக் கையெழுத்து, எத்தனை கிலோமீட்டரில் மாற்றியது என்ற குறிப்பு, அவ்வளவுதான் தேவை.

வேலையும் அப்படியொன்றும் மலையைப் புரட்டுவதல்ல. சேசிஸுக்கு ஜாக்கி கொடுத்து, ஸ்டாண்டு வைத்து, சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்ட வேண்டும். ஒருவர் ஆட்ட, இன்னொருவர் கீழே ட்ரன்னியனைப் பார்க்க வேண்டும். அங்கே அசைந்தால் சந்தேகமே வேண்டாம். சக்கரம், பிரேக், ஹப் எல்லாம் கழற்றி, டை ராடைப் பிரித்து, கீழ்க் கையில் குறுக்கே போகும் போல்ட்டை எடுக்க வேண்டும். வேலை இழுப்பது இங்கேதான். பல வருஷத் துருவில் போல்ட் உள் குழாயோடு ஒட்டிப் போயிருக்கும், முந்தின ராத்திரியே எண்ணெய் விட்டு ஊறவைத்தால் புண்ணியம். மேல் பால் ஜாயின்ட்டை விடுவித்தால் லிங்க் முழுசாகக் கைக்கு வந்துவிடும். ட்ரன்னியனைத் திருகிக் கழற்றி, லிங்க் மரையைத் துடைத்து, குழியோ துருவோ தெரிந்தால் லிங்க்கையும் சேர்த்து மாற்ற வேண்டும். வெண்கலத்தை மட்டும் புதுசாகப் போட்டுவிட்டு துருப்பிடித்த லிங்க்கை அதற்குள் திருகுவதுதான் இந்த ஊரில் அடிக்கடி நடக்கிற அரைகுறை. புது ட்ரன்னியனைக் கடைசி வரை திருகி, அங்கிருந்து ஒரு சுற்றுக்குள் பின்வாங்கி, ரெண்டு பக்கமும் ஸ்டியரிங் முழுசாக ஒடிகிறதா என்று பார்த்துப் பூட்ட வேண்டும். சீலும் புஷ்ஷும் புதுசு. அடுத்த பக்கத்தையும் அன்றே செய்துவிட வேண்டும், அதுவும் அதே வயசுதான்.

பிறகு நைன்டி ஆயில், மேலே கசியும் வரை. கீழே நாலு சொட்டு சிந்தும். வீட்டு வாசலில் கறை படியும், வீட்டம்மா திட்டுவார். அடியில் ஒரு பழைய தட்டு வைத்துக்கொள்ளலாம்.