மழை விடட்டும் என்று காத்திருந்தால்...



வெள்ளவத்தையில் இருக்கும் என் நானாவின் மகள் மரதன் ஓடப் போவதாகச் சொல்லிப் பயிற்சியைத் தொடங்கினாள். ஸுபஹ் தொழுததும் மரைன் டிரைவ் ஓரமாக ஓட்டம். இரண்டு மாதம் ஒழுங்காகப் போனது. மே மாத மழை இறங்கியதும் சப்பாத்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

"மழை விடட்டும் மாமி, பிறகு பார்ப்போம்" என்றாள்.

"தென்மேல் பருவமழை செப்டெம்பர் வரை இருக்கும். அது ஓய்ந்தால் ஒக்டோபர், நவம்பரில் பின்னேரத்து இடிமழை. நீ எந்த மாதம் ஓடப் போகிறாய் மகள்?" என்று கேட்டேன். சிரித்தாளே தவிர பதில் இல்லை.

அவளுக்கு ஸிஃபான் ஹஸனின் கதையைச் சொன்னேன். எத்தியோப்பியாவில் பிறந்து, 15 வயதில் அகதியாக நெதர்லாந்து சென்ற முஸ்லிம் பெண் அவர். 2023 ஏப்ரல் 23இல் லண்டனில் தம் முதல் மரதனை ஓடினார். அதற்கு முந்திய வாரங்கள் ரமழான், நோன்போடுதான் பயிற்சி. போட்டியன்று மழை. பாதி வழியில் இடுப்பு வலித்தது. நின்று, காலை நீட்டி மடக்கிவிட்டு மீண்டும் ஓடினார். முன்னால் போனவர்களைப் பிடித்து, 2 மணி 18 நிமிடம் 33 செக்கனில் முதலாவதாக வந்தார். அடுத்த ஆண்டு பரிஸ் ஒலிம்பிக்கிலும் மரதன் தங்கம் அவருக்கே.

42 கிலோமீற்றரும் 195 மீற்றரும் ஓடுகிறவருக்குப் போட்டி நாளின் வானத்தைத் தெரிவு செய்ய முடியாது. தூறலில் ஓடிப் பழகியவருக்கு அன்று மழை புதிதல்ல.

உற்சாகம் வந்த பிறகு புறப்படுவோம் என்று இருந்தால் அது வராது. புறப்பட்டால் பின்னால் வரும். ஆகவே இரவே உடுப்பை எடுத்து வையுங்கள். "பத்து நிமிடம் மட்டும்" என்று இறங்குங்கள். பத்து நிமிடத்தில் திரும்புகிறவர்கள் குறைவு. துணைக்கு ஒருத்தி இருந்தால் இன்னும் நல்லது. அவள் கீழே காத்து நிற்கும்போது போர்வைக்குள் கிடக்க மனம் வராது.

பருத்தி உடுப்பு நனைந்தால் பாரமாகும். சீக்கிரம் காயும் துணியை, வெளிர் நிறத்தில், தளர்வாகத் தைத்துக்கொள்ளுங்கள். உரசும் இடங்களில் வஸலின் பூசுங்கள். நனைந்த சப்பாத்துக்குள் பழைய பேப்பரைத் திணித்து வைத்தால் ஈரத்தை உறிஞ்சிவிடும்.

இடி முழங்கினால் வெளியே போகவே வேண்டாம். வெள்ளம் நிற்கும் வீதியில் மூடியில்லாத கான் எங்கே என்று தெரியாது. அது பிடிவாதம் பிடிக்கும் நேரமல்ல. கொட்டாஞ்சேனையில் மாடி வீடொன்றில் இருக்கும் எனக்குத் தெரிந்த சகோதரி ஒருவர், அப்படியான நாட்களில் அரை மணி நேரம் படிக்கட்டில் ஏறி இறங்குவார். ஓட்டம் தவறினாலும் பழக்கம் தவறவில்லை.

தாய்மாருக்கும் ஒரு வார்த்தை. மழை ஒரு நாள் ஓட்டத்தைத்தான் தடுக்கும். "பொம்பிளைப் பிள்ளைக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று நாம் கேட்பது எல்லா நாளையும் தடுத்துவிடும்.

போன வாரம் மகள் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்தாள். மதினி ஏசுவார் என்று நினைத்தேன். துவாயை நீட்டி, "இஞ்சித் தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்கேன். இண்டைக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்டார்.

நாளைக்கும் அவள் போவாள், இன்ஷா அல்லாஹ்.